வைதோதஸுடன் ஒன்பது நிமிடம்

கிளைபேடா துறைமுகத்தில்
கோதுமை லாரிகளை நிறுப்பது எங்கள் வேலை.
நான் திரையைப் பார்ப்பேன்.
அவர் முள்ளைப் பார்ப்பார்.
முள் வைத்த தராசைக் கழற்றிப்போய்ப் பதினோரு வருடமாகிறது,
ஆனாலும் எண்ணைச் சொல்லுமுன்
அது இருந்த சுவரை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

நாற்பது கிலோ கூடுதலென்று
கொட்டும் மழையில் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பியவர்.
'போகட்டும்' என்று அவர் சொல்லி
நான் கேட்டதே இல்லை.

அவர் மேசையில் நான் அந்தப் பெட்டியை வைத்தது
ஒரு வம்புக்குத்தான்.
சதுப்பில் அமிழும் நான்கு கோபுரங்கள்,
கோபுரத்துக்கு ஒரு மணி,
மூன்று முறை கவிழ்க்கலாம் என்று ஒரு மணற்கடிகாரம்.
முறை வைத்து ஆடுவதெல்லாம் கிடையாது,
இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பகடை உருட்டவேண்டும்.
ஜெயித்தால் இருவரும். முழுகினால் இருவரும்.

'எதிராளி யார்?' என்று கேட்டார்.
மணல் என்றேன்.
விதிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்
இரண்டு நாள் வைத்திருந்தார்.

நான் திருடி. அவர் மந்திரவாதி.
உலகத்திலேயே நிதானமான மந்திரவாதி.
பகடை நின்றபின் அதை மேசை விளிம்புக்கு நேராக்கி,
குனிந்து, வாய்விட்டு 'ஐந்து' என்பார்.
அதற்குள் ஒரு கோபுரம் போயிருக்கும்.
என் கம்பு ரொட்டி கடித்தபடியே கிடக்கும்.

எப்போது மாறினார் தெரியவில்லை.
இரண்டு வருடம் என்னை 'நீங்கள்' என்றே அழைத்தவர்
ஒரு செவ்வாய்க்கிழமை, வடக்குக் கோபுரம் சரிகையில்,
'மணியை விடு! ஓடு! ஜிவிலே, ஓடு!' என்று
போட்ட சத்தத்தில்
வெளியே கையெழுத்துக்கு நின்ற டிரைவர்
கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.
மணல் தீர்ந்ததும்
தொண்டையைச் செருமி,
'உங்கள் தேநீர் ஆறுகிறது' என்றார்.

தோல்விகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார்,
பாழான எடைச்சீட்டுகளின் பின்புறத்தில்.
தேதி. மீட்ட மணிகள். காரணம்.
காரணம்: திருடியின் பேராசை.
காரணம்: மந்திரவாதி தாமதம்.
காரணம்: தும்மல்.
காரணம்: உக்ரைன் லாரி, இரண்டு நிமிடம் முன்கூட்டி வந்தது.
இப்படி முப்பத்தொன்று.

நவம்பரில் ஒரு மதியம்.
கண்ணாடியெல்லாம் நீர் கோத்திருந்தது,
பாரந்தூக்கிகள் இடுப்புக்கு மேல் தெரியவில்லை.
மூன்றாவது முறை கவிழ்த்தோம்.
மூன்று மணி கையில், நாலாவது எட்டாத தூரத்தில்,
பகடை ஒன்று, பகடை ஒன்று, மறுபடி ஒன்று,
நிமிர்ந்து பார்த்தால்
மணல் நின்றிருக்கிறது.

கழுத்தில் கட்டியாகி நிற்கிறது.
மேலே பாதி, கீழே பாதி.
நான் பார்த்தேன்.
அவரும் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.
ஒரு விரலால் தட்டினால் போதும்.
அவர் விரல் எழுந்தது,
எழுந்து,
பகடையை எடுத்தது.

'சீக்கிரம்!' என்றார்.
'நேரமே இல்லை!' என்றேன்.
அப்படிக் கத்திக்கொண்டு, மூச்சிரைக்க,
ஓடாத மணலுக்கு முன்னால் ஓடினோம்,
எத்தனை நிமிடமென்று கேட்காதீர்கள்.
ஆறு விழுந்தது. மணியைத் தூக்கினேன்.

சீட்டை எடுத்தார். தேதி. நான்கு மணிகள்.
மூன்றாம் பத்தியில் பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுதினார்:
ஈரம்.

கோதுமையில் அளவு மீறினால்
நாங்கள் எடையில் கழிக்கும் அதே ஈரம்.

லாரி ஹாரன் அடித்தது.
போகிற போக்கில் கடிகாரத்தை
ரேடியேட்டர் மேல் வைத்துவிட்டுப் போனேன், காயட்டுமென்று.
சாயங்காலம் கோட்டை மாட்டும்போது பார்த்தால்
அது அங்கே இல்லை.
ஒழுகுகிற ஜன்னலின் விளிம்பில் இருந்தது,
நேராக வைக்கப்பட்டு.