இருநூறு பார்

டயர் கடை ஆ லெக் சிலிண்டரைக் கையில் வாங்கி
சந்தையில் வெள்ளரிக்காயைப் பார்ப்பதுபோல்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"லோரிக்கே ஏழுதான் வைப்பேன்.
இருநூறா? கூரை போயிடும், அமோய்."
சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான்.
பாஹாவில் காற்று இலவசம் என்று
எழுதி வைத்திருக்கும் ஒரே இடம் அது.

துப்பாக்கி என்னோடு வருவதில்லை.
கிளப்பின் இரும்பு அலமாரியில்
இரண்டு பூட்டுக்குள் கிடக்கிறது, உரிமத் தாளோடு.
சிலிண்டர் மட்டும் வீட்டுக்கு வரும்
மோட்டார் சைக்கிள் கூடையில்,
சாப்பாட்டுத் தூக்கோடு இடித்துக்கொண்டு.
இதுவரை கிளப்பின் பெரிய தோம்பிலிருந்து நிரப்பினோம்.
அதன் சோதனைத் தேதி மார்ச்சோடு முடிந்தது.
செயலாளர் சிவப்பு நாடா சுற்றிவிட்டார்.
சிரம்பானில் மாநிலத் தேர்வுக்குப்
பத்தொன்பது நாள்.

போர்ட் டிக்சனில் முக்குளிப்புக் கடை இருக்கிறது.
போக ஒன்றரை மணி நேரம், வர அதே.
கார் கோகிலவாணியுடையது.
அவளும் சுடுகிறாள், அதே தேர்வில்;
போன வருஷம் என்னைவிட இரண்டு புள்ளி கூட.
"ஒரு தோம்பு எடுப்போம்டி, ரெண்டு பேருக்கும் ஆகும்"
என்றாள். மனதார.
அவள் கொடுத்த காற்றால்
அவளை எப்படி முந்துவது?
முந்தினாலும் அந்தக் காரில்தானே திரும்பி வரணும்.

தீயணைப்பு நிலையத்தில் கமாருல்.
புகைக்குள் போகிறவர்கள் சுவாசிக்கிற காற்று,
அவ்வளவு சுத்தம் ஊரில் வேறெங்கும் இல்லை.
கேட்டால் சரி என்பான். கணக்கில் எழுத மாட்டான்.
எனக்குப் பயம் அதுதான்.
எழுதாத கடன் எந்தத் தேதியில்
வாசலில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

மின்சாரக் கம்ப்ரசர் ஆயிரத்து நானூறு வெள்ளி,
பன்னிரண்டு தவணை.
வாளித் தண்ணீரில் குழாயைப் போட்டுக் குளிர்விக்கணும்.
அது போடும் சத்தத்தைக் கடைக்காரனே ஓட்டிக் காட்டினான்.
பக்கத்து வீட்டு ஜீவரத்தினத்துக்கு ஆலையில் இரவு வேலை;
பகல்தான் அவருக்கு ராத்திரி.

கைப்பம்பு முந்நூற்றுப் பத்து.
வாங்கிவிட்டேன்.

ஆலை ஆய்வுக்கூடத்தில் என் வேலை
எண்ணெயில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது.
ஒரு சொட்டுத் தண்ணீர் உலோகத்துக்குள் உட்கார்ந்து
என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.
அதனால் பம்பின் மூக்கில் ஒரு வடிகட்டி,
உள்ளே ஆரஞ்சு மணிகள்.
ஈரம் குடித்தால் பச்சையாகும்.
இந்த ஊரில் பச்சையாகாமல் எது இருக்கும்?

இரவு மழை விட்டபின், பின்கட்டில்.
முதல் முப்பது, சைக்கிளுக்கு அடிப்பதுபோல்.
நாற்பதில் தோள் பேசத் தொடங்கியது.
ஐம்பதுக்குமேல் கை போதவில்லை.
என் நாற்பத்தெட்டு கிலோவையும்
கைப்பிடிமேல் சாய்த்தேன்;
பம்பு கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது.
சுடும்போது இதயத்தைக் கெஞ்சி அடக்குகிறேன்,
அடுத்த துடிப்புக்குமுன் விசை நகரணும் என்று.
இப்போது அது காதுக்குள் தகரம் தட்டுகிறது.
தட்டட்டும். இன்றைக்கு அதற்கு விடுமுறை.

வேலைக்குக் கிளம்பிய ஜீவரத்தினம்
வேலியோரம் நின்றார்.
"என்னம்மா, டயர் பஞ்சரா?"
"இல்லண்ணே."
"பின்னே?"
பதில் யோசித்ததில் எண்ணிக்கை தப்பியது.
அறுபத்தொன்றா, எழுபத்தொன்றா.
முள் மட்டும் தன் கணக்கை விடவில்லை:
நூற்று எண்பது.
பம்பு ஆற வேண்டும். உட்கார்ந்தேன்.
ஆலையின் புளித்த வாடை வந்தது,
நாள் முழுக்க அதற்குள்தான் இருக்கிறேன், ஆனாலும் வந்தது.

இருநூறில் நிறுத்தி
அடித் திருகைத் தளர்த்தினேன்.
உஸ்ஸென்று சிமெண்டில் நாலு சொட்டு,
வெளுப்பாக, பிசுபிசுப்பாக.
ஆய்வுக்கூடமாக இருந்தால் எடை போட்டிருப்பேன்.
மணிகளில் பாதி பச்சை.

விடிந்து பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு.
கசிவு இல்லை; சூடு ஆறினால் இப்படித்தான்.
தெரிந்த விஷயம்தான்.
ஆனாலும் பத்து பாருக்காகப்
பல் துலக்காமல் நின்று
மறுபடி சாய்ந்தேன்.