ஐஸ் கம்பெனிக்கு மேலே

தை அமாவாசைக்கு முந்தின நாள்
மண்டபத்தில் வந்து இறங்கியது
என் முட்டாள்தனம்தான்.
மூன்று லாட்ஜிலும் ரூம் இல்லை.
நான்காவதில் இருந்தது.
"கூட யாரு?" என்றார்கள்.
என் பையைக் காட்டினேன்.
பிறகு அங்கேயும் இல்லை.

தொண்ணூறு நாள் ஒப்பந்தம்.
விசைப்படகின் எண், நீளம், எஞ்சின் திறன்
படிவத்தில் ஏற்ற வேண்டும்.
அரூரில் இதைச் சொன்னபோது
அம்மா கேட்டது ஒன்றுதான்:
"எங்க தங்குவ?"
கடல் எப்படி இருக்கும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

டீக்கடையில் ஒரு வீடு சொன்னார்கள்.
நான்கு அறை, நான்கிலும் ஏ.சி.,
உடையவர் ஷார்ஜாவில்.
சாவி வைத்திருந்தவர்
கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.
"நீங்க என்ன ஆளுக?"
படகு அளக்கிற ஆள் என்றேன்.
அவர் கேட்டது அதை இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

இன்னொரு வீட்டில்
அறை சரி, வாடகை சரி,
குழாயில் உப்புத் தண்ணீர், அதுவும் சரி.
மீன் மட்டும் சமைக்கக் கூடாதாம்.
மண்டபத்தில்.

பொழுது சாய்கிற நேரத்தில்
ஐஸ் கம்பெனிக் கணக்குப் பிள்ளை ஜெசிந்தா
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்:
"மேல ஒரு ரூம் கெடக்கு.
அமோனியா வாட அடிக்கும்.
ராத்திரி பூரா சத்தம்.
தண்ணி குடத்துக்கு எட்டு ரூவா, நீதான் வாங்கணும்.
சத்தத்துக்கு முந்நூறு கொறச்சுக்க."
அன்று முழுக்க எல்லோரும்
என்னிடம் குறை தேடினார்கள்.
இவள் ஒருத்திதான்
அறையின் குறையைச் சொன்னாள்.

எனக்கு முன்னால் இருந்தவர்
பாலத்துக்கு வந்த வெல்டர்.
சுவரில் பென்சிலால்
இந்தியில் ஏதோ எழுதியிருந்தார்.
எழுத்துத் தெரியாது, எண் தெரிந்தது:
குடக் கணக்கு. பாக்கி மூன்று.
அதற்குக் கீழேயே
என் கணக்கைத் தொடங்கினேன்.

முதல் ராத்திரி தரை நடுங்கியது.
டம்ளர்த் தண்ணீரில்
சின்னச் சின்ன வட்டம்.
படகுகள் கடலுக்குப் போகிற நாளில்
இரண்டு மணிக்கே பாளங்களை உடைப்பார்கள்,
என் பல்லுக்குள் உடைக்கிற மாதிரி.
கட்டில் இரும்புக் கட்டில்.
விடிவதற்குள் கதவை நோக்கி
இரண்டு விரற்கடை நகர்ந்திருக்கும்.
அதுவும் ஒப்பந்தம் முடிந்து
ஊருக்குக் கிளம்புகிறது போல.
எழுந்ததும் காலைப் பிடித்துச்
சுவரோரம் தள்ளுவேன்.
பல் தேய்ப்பதற்கு முன்னால் அதுதான் வேலை.

எப்போது தூங்கப் பழகினேன் என்று
தெரியவில்லை.
மாசியில் ஒரு நாள் ஃபோனில்
"என்னடி இரைச்சல்?" என்றாள் அம்மா.
"எங்க?" என்று கேட்டேன்.

சித்திரை பிறந்த மறுநாள்
தடைக்காலம்.
வடகடல், தென்கடல் இரண்டு பக்கமும்
படகுகள் அணைந்து நின்றன.
துரத்தித் துரத்தி அளந்தவை
இப்போது வரிசையில் வந்து
அளந்துகொள் என்றன.
கம்ப்ரஸரை நிறுத்தினார்கள்.

அன்றைக்கு ராத்திரி
ஒரு நாய் குரைத்தது.
யாரோ மோட்டார் சைக்கிளை
உதைத்து உதைத்துப் பார்த்தார்.
அதற்கும் பின்னால் ஒன்று,
விட்டு விட்டு,
யார் வீட்டிலோ அரிசி புடைக்கிறார்கள்
என்று நினைத்துக் கிடந்தேன்.
இத்தனை நாளாய்
கடல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
மூன்று மணி வரை
கண் மூடவில்லை.

காலையில் ஜெசிந்தா
படிக்குக் கீழே நின்று கத்தினாள்:
"சத்தம் நின்னுபோச்சு,
அந்த முந்நூற சேத்துக் குடு!"
"தூக்கமும் நின்னுபோச்சு,
இன்னும் முந்நூறு கொற!" என்றேன்.
காதிலிருந்த பேனா விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.
அப்புறம் குனிந்து தேடி எடுத்து
ஐம்பது பேருக்கு இரண்டு மாசம்
சம்பளம் இல்லை என்றாள்,
வேறு குரலில்.

அறைக்குத் திரும்பினேன்.
வாசலில் தண்ணீர்க்காரர்.
ஒரு குடம், சுவரில் ஒரு கோடு.
இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வழக்கம்போலக் கட்டிலின் காலைப் பிடித்துச்
சுவரோரம் தள்ளினேன்.
இடித்தது.
அது எங்கும் போயிருக்கவில்லை.