நிழல் வரிசை

வண்ணார்பேட்டையில் எங்கள் வண்டி ஸ்டாண்டுக்கு
மேற்கே ஒரு பழைய லாட்ஜ் இருந்தது.
அதை இடித்த அன்று
நூற்றிருபது சீட்டிலும் ஒரே நிறத் தூசி.
ஆளுக்கொரு துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னேன்.
அப்போது தெரியாது,
ஏழு வருடம் துடைக்க வேண்டியிருக்கும் என்று.

முதல் வருடம் கட்டடம் கீழ்நோக்கித்தான் போனது.
தோண்டத் தோண்ட ஊற்று.
ஆறு கூப்பிடு தூரத்தில், வராமல் என்ன செய்யும்?
மோட்டார் ராப்பகலாய் இறைத்து ரோட்டில் விட்டது.
பத்து மாடி ஓட்டல், உச்சியில் நீச்சல் குளம்
என்றார் என்ஜினியர் ஞானதிரவியம்.
குளம்தான் முதலிலேயே வந்துட்டே சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

இரண்டு மாடி ஏறியதும் அண்ணன் தம்பிக்குள் வழக்கு.
பதினாலு மாதம்
கம்பிகள் தலைவாராமல் நின்றன.
திருஷ்டிப் பொம்மைக்கு
முதல் மழையில் மீசை போனது,
அடுத்த மழையில் கண்.
'விரைவில் திறப்பு விழா' போர்டில்
சிவப்பில் எழுதிய 'விரைவில்'
முதலில் வெளிறியது.

பிறகு ஒரு தை மாதம்
கலவை எந்திரம் திரும்ப இரைந்தது.

மூன்றாம் மாடிக்கு
நிழல் எங்கள் மதில்வரை வந்து நின்றது,
உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல.
ஐந்தாம் மாடிக்கு முதல் வரிசை.
ஏழாம் மாடிக்கு
எங்கள் வேப்பங்கன்றே
அதன் நிழலில் ஒதுங்கி நின்றது.

இந்த ஊரில்
நாலு மணிக்கு வண்டியில் உட்காருவது
தோசைக்கல்லில் உட்காருவது.
காலையில் விட்டுப் போகிறவர்களுக்கு
சாயங்காலம் நிழல் எங்கே விழும் என்று தெரியவேண்டும்.
அது எனக்குத்தான் தெரியும்.
மார்கழியில் வடக்கு மூலை.
ஆனியில் தெற்கே, கக்கூஸ் சுவர்ப் பக்கம்.
பேங்கில் வேலைபார்க்கும் மைதீன்பாத்து
டோக்கன் வாங்குமுன் கேட்பாள்:
"யக்கா, இன்னைக்கு எங்கன விடட்டும்?"
முகூர்த்தம் கேட்கிற குரல்.
எட்டாவதோடு நின்ற நான்
விரலை நீட்டுவேன்.

கம்பி கட்டும் மாசானம்
சீவலப்பேரியிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவான்.
டோக்கன் அறுபத்தொன்று.
எட்டாம் மாடிச் சாரத்திலிருந்து
"யக்கா, வண்டி பத்திரம்" என்று கத்துவான்.
அங்கிருந்து பார்த்தால்
அது தீப்பெட்டி அளவு இருக்குமாம்.

ஒரு சனிக்கிழமை கூலி வரவில்லை.
அடுத்த சனிக்கிழமை கான்ட்ராக்டரே வரவில்லை.
மாசானம் கேரளாவுக்குப் பஸ் ஏறிவிட்டான் என்றார்கள்.
வண்டி நின்றது.
தினமும் நோட்டில் ஒரு கோடு போட்டேன்,
கணக்கு கணக்குதானே.
இன்னொன்றும் செய்தேன்:
நிழல் நகர நகர அதையும் நகர்த்தினேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
காற்றிறங்கிய டயர், உருட்டுவது பெரும்பாடு.

நேற்று வந்தான்.
வேறு கான்ட்ராக்டர், வேறு பாஷை ஆட்கள்
பத்தாம் மாடிக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
அண்ணாந்து எண்ணினான்,
எட்டில் நிறுத்திக்கொண்டான்.
"எவ்வளவுக்கா ஆச்சு?"
நோட்டைப் பிரித்தேன்.
நானூற்றுப் பதினோரு கோடு, நாளுக்குப் பத்து ரூபாய்.
வண்டியை விற்றாலும் அவ்வளவு தேறாது.
சட்டைப்பையைத் தொட்டு நின்றான்.

"இரு. வெயில்ல நின்னாத்தான் துட்டு.
இது நின்னது பூரா நிழல்ல.
அந்த நிழலைக் கட்டுனது யாரு?"

அவனுக்குப் பிடிபட நேரமானது.
சரியாகக் கழித்தால்
நான்தான் மிச்சம் தரவேண்டியிருக்கும்,
அதைச் சொல்லவில்லை.
டோக்கனை மட்டும் கேட்டேன்.
பர்ஸில் வைத்திருந்தான்.

ஓட்டல் இன்னும் திறக்கவில்லை.
அடுத்த ஆவணி என்கிறார் ஞானதிரவியம்,
போன ஆவணியிலும் அதைத்தான் சொன்னார்.

மிதித்து மிதித்துப் பார்த்தான், கிளம்பவில்லை.
தள்ளிக்கொண்டே போனான்.
மணி ஐந்து.
ரோட்டைத் தாண்டிப் பெட்ரோல் பங்க் வரைக்கும்
அவன் தலையில் வெயில் படவில்லை.