முன் இடம்

ட்வோரொய்ரியில் நவம்பர். நாலு மணிக்கெல்லாம் இருட்டு.
படகு பழுதுத் துறையில் ஏறி நிற்கிறது.
நான் சமையலறை மேசையில்,
மகன் வேண்டாமென்று விட்டுப்போன மடிக்கணினியோடு.
உள்ளே இருந்ததை வழித்தெறிந்து லினக்ஸ் ஏற்றியது நான்தான்.
பழைய இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றுகிற மாதிரி, அவ்வளவுதான்.

கேட்கவேண்டியது ஒரே ஒரு பதிவு.
போன வாரம் இன்ஜின் அறையில்
இந்த முனைக்கொன்று அந்த முனைக்கொன்றாக
இரண்டு மைக் கட்டி எடுத்தது.
ஆறு சிலிண்டரில் ஏதோ ஒன்று தட்டுகிறது.
எது என்று சொல்வது என் வேலை.
முப்பத்தொரு வருடமாக
ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் அழுத்திச் சொல்லிவருகிறேன்.
தப்பியதில்லை.

ஹெட்போனை மாட்டினேன்.
வலப்பக்கம் இரும்பு, டீசலின் இருமல், யாரோ குறடு போடும் சத்தம்.
இடப்பக்கம் ஒன்றுமில்லை.

முனையத்தைத் திறந்தேன்.
ஆல்சாமிக்சரில் தூண் தூணாகப் பச்சையும் சிவப்பும்.
ஸ்பீக்கர் தூணின் காலடியில் எம் எம்:
வாய் பொத்தியிருக்கிறது. சரிதான்.
ஹெட்போன் தூணின் காலடியில் ஓ ஓ:
இரண்டு வாயும் திறந்தே இருந்தன.
இரண்டும் எண்பத்தேழு.

சோதனைக் கட்டளை ஒன்று உண்டு.
ஒரு பெண் திசை சொல்வாள்.
முன் இடம், என்று திரையில் எழுத்து விழுந்தது.
காதில் விழவில்லை.
முன் வலம், என்றாள், தபால் நிலையத்தில் பெயர் கூப்பிடுவது போல.
மறுபடி எழுத்து.
மறுபடி வலம்.

பைப்வயரைக் கொன்று எழுப்பினேன்.
துளையில் பல்குத்தியும் பஞ்சும் ஸ்பிரிட்டும் விட்டேன்.
ஹானுஸ் மறந்துவைத்த ஹெட்போனை எடுத்துவந்து செருகினேன்;
அதிலும் அப்படியே.
ஆக, ஹெட்போன் நிரபராதி.
பழைய கெர்னலுக்கு இறங்கிப் பார்த்தேன், ஏறி வந்தேன்.
இரண்டு மணிக்கு, எங்கோ படித்த ஒரு வரியை
ஒரு கோப்பின் கடைசியில் எழுதி
மறுதொடக்கம் செய்தபோது
வலமும் போயிற்று.

சொன்னால் வெட்கம்:
பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது.
இரண்டு பக்கமும் ஒரே அமைதி.
பிறகு அந்த வரியை அழித்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
சால்மன் ஆலையிலிருந்து சுன்வா வந்தாள்,
ரப்பர் கையுறை வாசனையோடு.
மேல்கோட்டைக் கழற்றாமலே ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.
"முன் இடம்ங்கறா," என்றாள்.
"முன் வலம்ங்கறா. திரும்ப முதல்லேர்ந்து."
ரெண்டு பக்கமுமா?
"ரெண்டு பக்கமும்தான்."
பூட்ஸைக் கழற்றப் போய்விட்டாள்.

எந்த இன்ஜெக்டர் கெட்டது என்று தெரியாவிட்டால்
இரண்டை இடம் மாற்றிப் போடு.
தட்டல் கூடவே போனால் இன்ஜெக்டர்.
போகாமல் அங்கேயே நின்றால் சிலிண்டர்.
எந்தக் கப்பலிலும் நான் முதலில் செய்வது இது.
நேற்றிரவு மட்டும்
அந்தச் சோதனையைத் தவிர எல்லாம் செய்தேன்.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்.
வலக்காதில் அவள் முன் இடம் என்றாள்,
இரவெல்லாம் சொல்லியும் களைக்காத குரலில்.
மௌனம் மட்டும்
இடம் மாறவில்லை.

அப்படியே திருப்பிவைத்துப் பதிவைக் கேட்டேன்.
இரண்டாவது சிலிண்டர். வால்வுப் பக்கம்.
குழந்தைகூடச் சொல்லும், அவ்வளவு துல்லியம்.
ஹானுஸுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன்:
இரண்டு. திறந்து பார்.

அமைப்புகளில், அணுகல் என்ற தலைப்பின் கீழே
மோனோ என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது.
எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.
டிக் செய்தேன்.
இடமும் வலமும் ஒன்றாகி ஒரே பக்கம் வந்து நின்றன,
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி.

சுன்வா காப்பியோடு வந்து
வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள், எனக்கு இடப்பக்கம்.
நான் கோப்பையை எடுத்துக்கொண்டு
மேசையைச் சுற்றிப் போய்
அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"ஏன்?" என்றாள்.
கேட்டது.