பதினைந்தாவது எழுத்து

மொபேனியில் மின்வெட்டு முடிந்து
விளக்கு வந்ததும் தொடங்கும் பந்தயம்:
எந்தக் கணினி முதலில் விழிக்கிறதோ
பெயர் அதற்கு.
மற்றதன் முகத்தில் மஞ்சள் முக்கோணம்:
இதே பெயரில் வலையில் இன்னொன்று இருக்கிறது.

கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், ரூட்டரை அணைத்துப் பார்த்தேன்.
மொபேனி-டிஸ்பாட்ச்-1, மொபேனி-டிஸ்பாட்ச்-2.
வேறு வேறுதானே, இதில் என்ன சண்டை?
வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன.
டர்பன் துறைமுகத்துக்கான சீட்டு
ஒன்றுகூட அச்சாகவில்லை.

பிறகு விரல்விட்டு எண்ணினேன், ஆங்கில எழுத்தில்.
மொபேனி ஆறு, நடுவில் கோடு, டிஸ்பாட்ச் எட்டு.
பதினைந்து.
அதற்கு மேல் பழைய வலைக்குக் காது கேட்காது.
ஒன்றும் இரண்டும் வாலில் நின்று
வீணாய்க் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

"எனக்கும் இதே கதைதான்"
சம்பள அட்டையை நீட்டினாள் தில்லைநாயகி.
இடம் போதாமல் அச்சு நின்றுபோன பெயர்:
தில்லைநாய்.
"பதினோரு வருஷம், ஒருநாளும் குரைத்ததில்லை."

எண்களை முன்னால் கொண்டுவந்தேன்.
அடுத்த மின்வெட்டு, அடுத்த வெளிச்சம்.
இரண்டும் விழித்தன,
தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டன.
சீட்டு வந்தது, சூடாக.

அவள் இன்னும் அட்டையை நீட்டியபடியே.
அது என் இலாகா இல்லை என்றேன்,
பையை மூடாமல்.