இடைவெளி விசை

கிளியர் லேக்கில் மணி மூன்று. எனக்கு இரவுப் பணி.
மேலே ஐலாவின் மடிக்கணினியில்
இடைவெளி விசை ஒட்டிக்கொண்டது.
ஆரஞ்சுச் சாறு, ஒரு துளிதான் என்றாள்.
அங்கே துளி வழியாது;
விசைக்கடியில் தோலாகப் படர்ந்து உட்கார்ந்திருக்கும்.

என் மேசையிலும் அதே பழைய மாடல்.
தானியங்கியில் சாறு வாங்கி ஊற்றிப் பார்த்தேன்.
ஓடிப்போய் என் கால்சட்டையைக் கெடுத்தது.
பூமிக்கு ஒரு துளியைக்கூடச் சும்மா விடத் தெரியாது.

ஈரத்துணி, இடுக்கி, மெதுவாக நெம்பு
என்று எழுதினேன். பதில் வந்தது:

கால்விரலைக்கம்பியில்மாட்டிக்கொண்டுதட்டுகிறேன்டெல்வின்
ஒவ்வோரெழுத்தும்என்னைப்பின்னால்தள்ளுகிறது

இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்.
எழுத்து திருப்பித் தள்ளும் என்று தெரியாது.
நாற்காலி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது,
எல்லாவற்றையும்.

ஐந்தேகாலுக்கு வந்தது
ஒரு சொல்லும் இல்லாத அஞ்சல்.
பழுதோ என்று பயந்து
சுட்டியை இழுத்துப் பார்த்தேன்:
நாற்பத்தொரு இடைவெளி.
விசை விடுபட்டுவிட்டது. சோதிக்கிறாள்.

நானூறு கிலோமீட்டர் மேலிருந்து
வெறும் வெளி,
எண்ணி எடுக்கும்படி.

கிடைத்தது என்று பதில் போட்டுவிட்டு
மேசையைத் துடைக்கப் போனேன்.