இரண்டாம் கியரில், நின்ற இடத்தில்

முள் சுழியத்தில் படுத்திருந்த காலத்தில்தான்
அபராதச் சீட்டு வந்தது.
நாகவாரா, வெளிவட்டச் சாலை,
இரவு ஒன்று ஐம்பத்திரண்டு,
மணிக்கு எண்பத்தேழு.
படத்தில் என் மாருதியின் பின்புறம்,
இடது விளக்கு மட்டும் எரிய.
காருக்கே தெரியாத வேகம்
கம்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் பார்த்தது தயாபரன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு
"மீட்டரைச் சரி பண்ணு" என்றான்.

ஹெண்ணூரில் ஒருத்தர் கேபிள் மாற்றினார்.
நூற்றெண்பது ரூபாய்.
முள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

சிவாஜிநகரில், கோழிக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில்
இன்னாசி. கடைக்குப் பெயரில்லை.
சுவரெல்லாம் கழற்றிய மீட்டர்கள்,
சிலது முள்ளில்லாமல், சிலது நாற்பதில் விறைத்து.
"முள்ளு மட்டும் செத்தா தலையில கோளாறு.
கிலோமீட்டரும் சேர்ந்து நின்னா
கேபிள், இல்லாட்டி அதுக்கும் கீழ.
நின்னு எத்தினி நாளாச்சு?"
பதினாலு மாசம் என்றேன்.
"பதினாலு மாசமா கண்ண மூடிக்கினா ஓட்டினீங்க?"

காதால் ஓட்டினேன்.
மூன்றாம் கியரில் டேஷ்போர்டு முனகினால் நாற்பது.
பக்கக் கண்ணாடி அதிர்ந்தால் அறுபது.
அதற்கு மேல் எதுவும் கேட்காது, காற்றுதான்.

முன்பக்கம் ஜாக்கியில் ஏறியது.
கேபிளின் நுனியைக் கழற்றி என் மடியில் போட்டார்.
"ரெண்டாவதுல போட்டு கிளட்சை விடுங்க."
சக்கரங்கள் அந்தரத்தில் சுழல
நின்ற இடத்தில் நாற்பது போனேன்.
சாவிக்கடைக்காரர் நகரவில்லை. கோழிகள் நகரவில்லை.
மடியில் கிடந்த அந்தச் சதுர நுனியும்
இம்மி அசையவில்லை.
"அப்ப கீழதான்."

கியர்பாக்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார்:
கட்டைவிரல் நகத்தளவு வெள்ளை நைலான் சக்கரம்,
பல்லெல்லாம் மழுங்கி, ஊறவைத்த மொச்சை மாதிரி.
இத்தனை நாளும் உள்ளே பிடிமானமில்லாமல்
வழுக்கிக்கொண்டே கூட வந்திருக்கிறது.

புதுசு போட்டதும் முள் எழுந்தது.
எழுந்து நடுங்கியது. இருபது, ஐம்பது, பத்து,
பொய் சொல்லிப் பழகாதவன் மாதிரி.
தலையையும் திறக்கவேண்டியதாயிற்று.
உள்ளே ஒரு வட்டக் காந்தம், மேலே அலுமினியக் கிண்ணம்.
இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை.
தொடாமலே காந்தம் கிண்ணத்தை இழுக்க
மயிரிழைச் சுருள் ஒன்று திரும்பி வா என்று இழுக்க
அந்த இழுபறிக்குத்தான் வேகம் என்று பேர்.
இடையில் புகுந்த தூசியை ஊதினார்.
ஒரு சொட்டு எண்ணெய்.

பிறகு லென்ஸைக் கண்ணில் இடுக்கி
எண் சக்கரங்களைப் பார்த்தவர் சிரித்தார்.
"இத யாரோ முன்னாடியே தொறந்திருக்காங்க."
ஐந்துக்குப் பக்கத்தில் ஊசிக் கீறல்கள்.
பசவனகுடி வங்கி அதிகாரி. ஒரே கை வண்டி,
ஐம்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று
ஃபில்டர் காப்பி கொடுத்து விற்றவர்.
கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

"தொறந்துதானே இருக்கு. எந்த நம்பர்ல வெக்கட்டும்?"

கணக்குப் போட்டேன்.
ஆய்வுக்கூடம் போய்வர இருபத்திரண்டு, ஞாயிறு கழித்து.
கோலார் தங்கவயலில் அக்கா வீடு, மூன்று தடவை.
மழைநாளில் ஹெப்பாளில் ஊர்ந்ததெல்லாம் தூரத்தில் சேராது.
அப்புறம் அந்த இரவு.
பரிமாறிய தட்டு மேசையில் இருக்க
சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி
வெளிவட்டச் சாலையை இரண்டு முறை முழுதாய்ச் சுற்றி
பெட்ரோல் ரிசர்வுக்கு வந்ததும் பங்க்கில் ஓரங்கட்டி
விடியும்வரை உட்கார்ந்திருந்தது.
அதை எந்தச் சக்கரத்தில் ஏற்றுவது?

"நின்ன இடத்துலயே இருக்கட்டும்."
"எல்லாரும் கொறைக்கச் சொல்லித்தான் கேப்பாங்க"
என்றபடி மூடியை அழுத்தினார்.

அறுநூற்றைம்பது. ரசீது கிடையாது.
கோல்ஸ் பார்க் திருப்பத்தில் முள் முப்பதைத் தொட்டது.
என் காது முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தது.
கடைசி எண் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
பாதி உருண்டு,
சிவப்பு விழ,
அப்படியே நின்றது.